தோர்ணக்கல் அத்தியட்சர் அசரியா

நமது குலத்திற் பிறந்து புகழெய்திய பெரியோர் பலருடைய சரித்திரங்களை இவ்விதழ் வாயிலாக அன்பர்கள் படித்து வந்திருக்கின்றனர். வாணிகத்தாற் பொருளீட்டிப் பாடசாலைகளை நிறுவினோர் உளர். சர்க்காரிடம் உரிமை கேட்டு வாதாடினோர் உளர். கோயிற்றிருப்பணியிற் சிறந்தோர் உளர். இவர்களெல்லாம் குலத்தின் நடுவே நின்று குலத்துக்கு உழைத்தவர்கள். இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டவர் இவ்வகையில் அடங்காதவர். அவர் பிறந்த ஊரையும் பேசிய மொழியையும் விட்டு நீங்கித் தெலுங்கு நாட்டின் ஒரு மூலையில், ஊர்ப்புறத்தே ஒதுக்கிவைக்கப்பட்ட ஏழை மக்களிடையே முப்பத்தைந்தாண்டு வாழ்ந்து, அங்கேயே அடக்கமாயினார். திருச்சபைக்குள் ஜாதி என்னும் சொல்லே கூடாதென்று கடிந்தவர் அவர். அப்படிப்பட்டவரை ஒரு ஜாதிச் சங்கத்தின் இதழ் கொண்டாடுவது முறையோ என்று யாரேனும் கேட்கலாம். சரித்திரத்தைச் சொல்லி முடித்தபின் அக்கேள்விக்கு வருவோம். நம்மிற் கிறிஸ்துமார்க்கத்தாரும் உளர், சைவ வைணவ சமயத்தாரும் உளர். இருதிறத்தாரும் இச்சரித்திரத்தைத் தத்தம் மதாபிமானத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துப் படிக்க வேண்டுகிறோம்.

பிறப்பும் வளர்ப்பும்

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் நாள் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரிற் பிறந்தார். அது அக்காலத்துத் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. செம்மணற்றேரியும் பனங்காடும் சூழ்ந்த அந்நிலத்தில் நம்மவர் பனையேறியும் கருப்புக்கட்டி காய்ச்சியும் வண்டிகளிற் சரக்கேற்றி வாணிகஞ்செய்தும் வாழ்ந்தனர். தந்தையார் தாமஸ் வேதநாயகம் வணிகக் குடும்பத்திற் பிறந்தவர். இளமையில் மிஷன் பள்ளிக்கூடத்திற் படிக்கும்போதே கிறிஸ்துமார்க்கத்தைத் தழுவினார். மெய்ஞ்ஞானபுரத்தில் நெடுங்காலம் ஊழியஞ்செய்த ஜான் தாமஸ் ஐயரின் பெயரே அவருக்கு இடப்பட்டது. பின்னர் அவர் குருப்பட்டம் பெற்று வெள்ளாளன்விளைச் சபையை நடத்தினார். தாயார் எல்லன் அம்மையார் கண்டிப்பும் பக்தியும் மிக்கவர். நெடுநாட் காத்திருந்து பெற்ற பிள்ளையாதலின், வேதாகமத்தில் அன்னாள் என்பவள் வேண்டிப் பெற்ற சாமுவேலின் பெயரையே மகனுக்கும் இட்டனர்.

1889இல் தந்தையார் காலமானார். அப்போது மகனுக்கு வயது பதினைந்து. தாயார் மாணவியர் விடுதியொன்றை மேற்பார்த்து மகனைப் படிக்க வைத்தார். மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் கற்றபின், இளைஞர் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் சேர்ந்து கணிதம் பயின்றார். பட்டப் பரீட்சை நெருங்கியபோது நோய்வாய்ப்பட்டார், பரீட்சை எழுதவில்லை. பின்னொரு காலத்திலும் அதை எழுத அவர் முயலவில்லை. பட்டமின்றிக் கலாசாலையை விட்ட அம்மாணவருக்கு 1920இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை கௌரவப் பட்டம் அளித்ததென்பதை, பரீட்சையில் தவறியதும் மனமுடைந்துபோகும் நம் பிள்ளைகளுக்குப் பெற்றோர் எடுத்துச் சொல்லலாம்.

வாலிபர் சங்க ஊழியம்

1895இல் அவர் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசிகளில் ஒருவராய் அமர்ந்தார். தென்னாடு முழுவதும் சுற்றி, கலாசாலை மாணாக்கரைச் சந்திப்பதும், கூட்டங்கள் நடத்துவதும், வேதபாட வகுப்புகளை ஏற்படுத்துவதும் அவர் வேலை. இந்த ஊழியத்தில் இரண்டு நண்பர்கள் கிடைத்தனர். ஒருவர் அமெரிக்க தேசத்திலிருந்து 1896இல் வந்த ஷெர்வுட் எட்டி. மற்றவர் பிற்காலத்திற் கிராம புனருத்தாரணத்துக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பெயர்பெற்ற கே. டி. பால். எட்டியுடன் அசரியா கொண்ட நட்பு மிகவும் உண்மையானது. இருவரும் ஒரே அறையிற் றங்கி, ஒரே இலையிலே உண்பார்போலப் பழகினர். வெள்ளைக்காரரும் இந்தியரும் சமமாய்ப் பழகக்கூடும் என்பதற்கு அந்நட்பே அவருக்குக் கண்கூடான சாட்சியாயிற்று. பிற்காலத்தில் அவர் பேசிய ஒரு பெரிய பேச்சுக்கு இந்த அநுபவமே வித்தாகும்.

1898இல் அன்பு மரியம்மாள் என்னும் கற்றறிந்த மங்கையை மணந்தார். கலாசாலைக் கல்வி பெற்ற கிறிஸ்தவப் பெண்கள் தென்னாட்டில் அரியராயிருந்த காலம் அது. சீதனம் வாங்காமலும் ஆடம்பரமின்றியும் அத்திருமணம் நடந்தது. கலியாணத்துக்குக் கடன்பட்டுப் பின் தலைமுறைவரை வட்டி கட்டும் குடும்பங்கள் மலிந்திருந்த நாளிலே, படித்த வாலிபர் ஒருவர் இங்ஙனம் மணஞ்செய்தது பலருக்கு வியப்பாயிருந்தது.

யாழ்ப்பாணத்திற் கண்ட காட்சி

1902இல் அசரியா சங்க வேலையாக யாழ்ப்பாணம் சென்றார். அங்கே ஒரு செய்தி அவர் உள்ளத்தைத் தைத்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம்முள்ளே பொருள் திரட்டி, கடல்கடந்து தமிழ்நாட்டுக் கரையிலுள்ள தொண்டிப் பகுதிக்குத் தாமே உபதேசிமாரை அனுப்பி வந்தனர். சிறிய தீவின் ஒரு மூலையிலுள்ளோர் இங்ஙனம் செய்ய, திருநெல்வேலிச் சபையார் என்ன செய்கின்றனர் என்ற கேள்வி எழுந்தது. திருநெல்வேலியிலோ நூறாண்டுகட்கு மேற்பட்ட சபைகள் இருந்தன. ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் ஊர்தோறும் இருந்தன. எனினும் சபையார் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வரும் பணத்தையும் துரைமாரையும் எதிர்நோக்கியிருந்தனர். பிறரிடம் பெறுவதிலே பழகிய கைகள் பிறருக்குக் கொடுக்கப் பழகவில்லை.

ஊர்திரும்பிய அசரியா நண்பர்களைக் கூட்டிப் பேசினார். அதன் பயனாக 1903ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 12ஆம் நாள் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் நிறுவப்பட்டது. அதன் விதி எளியது: பணம் இந்தியருடையது, ஆட்கள் இந்தியர், நிர்வாகமும் இந்தியருடையது. ஊழியஞ்செய்ய இடம் தேடியபோது நிஜாம் ராஜ்யத்திலே தோர்ணக்கல் என்னும் இடத்தைக் கண்டனர். வாரங்கலுக்கும் விஜயவாடாவுக்கும் இடையே இருப்புப்பாதை பிரியும் சந்திப்பு அது. சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அங்கிருந்து கிளைப்பாதை சென்றது. சுற்றிலும் காடும் வறண்ட வயல்களும். சங்கத்தின் முதல் ஊழியராகிய சாமுவேல் பாக்கியநாதன் 1904இல் அங்கே சென்றார். பனங்காட்டு மக்கள் கைப்பிடியரிசியாகவும் சில்லறைக் காசாகவும் சேர்த்த பொருள், அவர்கள் கண்டறியாத தெலுங்கு நாட்டுக்குச் செல்லலாயிற்று.

1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, வங்காளத்துச் சீராம்பூரில், வில்லியம் கேரியின் நூல்நிலையத்திலே பல மாகாணத்துக் கிறிஸ்தவர்கள் கூடி இந்திய தேசிய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தனர். அதிலும் அசரியாவே முன்னின்றார். அதன் பொதுக் காரியதரிசியுமானார். தேசமெங்கும் சுதேசி இயக்கம் பரவிய காலம் அது. அந்நியத் துணியை விடுத்து நம் நெசவை உடுப்போம் என்று பிறர் சொன்ன அதே நாளில், அந்நியர் கையை நோக்காது நம் சபையை நாமே தாங்குவோம் என்று இவர்கள் சொன்னார்கள். 1907இல் ஜப்பான் தேசத்துத் தோக்கியோ நகரில் நடந்த உலக மாணவர் கிறிஸ்தவ மகாநாட்டுக்கும் அவர் சென்றுவந்தார்.

தாமே சென்றார்

பிறரைப் போகச் சொல்வது எளிது. ஊர் ஊராய்ச் சென்று தெலுங்கு நாட்டுக்கு ஆட்கள் வேண்டுமென்று பேசிவந்த அசரியாவுக்கு, நாம் ஏன் போகலாகாது என்ற எண்ணம் வலுத்தது. தேசமெங்கும் பெயர்பெற்ற காரியதரிசி உத்தியோகத்தை விட்டார். முப்பத்தைந்தாம் வயதிலே தெலுங்கு எழுத்தைக் கூட்டிப் படித்தார். 1909ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ஆம் நாள் குருத்துவத்தின் முதற்படியைப் பெற்று, மனைவி மக்களோடு தோர்ணக்கலுக்குக் குடிபெயர்ந்தார்.

இதன் அருமையை நம்மவர் நன்கறிவர். அக்காலத்தில் நம் குலத்தார் தம் மதிப்பை நிலைநாட்டுதற்குப் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தனர். 1899இல் சிவகாசியில் நேர்ந்த கலகத்தையும், கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் நமக்குப் பாதகமாய் முடிந்ததையும் மூத்தோர் வாயிலாய்க் கேட்டிருப்போம். மேலேறத் துடித்த ஒரு சமூகத்திலே பிறந்து, படிப்பும் செல்வாக்கும் பெற்ற ஒருவர், தமக்கும் கீழே வைக்கப்பட்டிருந்தாரிடம் இறங்கிச் செல்வதென்றால் அது சிறிய காரியமன்று. நம் வழக்குகள் நடந்த ஆண்டுகளிலேயே அவர் வழி வேறாய்ப் பிரிந்தது.

எடின்பரோ மகாநாடு

1910இல் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மகாநாடு கூடிற்று. 1,200க்கு மேற்பட்ட பிரதிநிதிகள் வந்திருந்தனர். அவர்களில் ஆசியாக் கண்டத்தார் 20 பேருக்கும் குறைவு. அந்தச் சபையிலே, மேனாட்டு ஊழியருக்கும் சுதேச ஊழியருக்கும் இருக்கவேண்டிய உறவைக் குறித்துப் பேசும்படி அசரியாவை அழைத்திருந்தனர்.

உபசாரமான சில வார்த்தைகளைச் சொல்லி அமர்ந்திருந்தால் கைதட்டிப் புகழ்ந்திருப்பர். அவர் அங்ஙனம் செய்யவில்லை. மேனாட்டு மிஷனெரிமாரின் தியாகத்தை மனமார ஒப்புக்கொண்டார். அதன்பின், ஆண்டுக்கணக்காய் ஒரே ஊழியத்திலிருந்தும் இந்திய ஊழியனைத் தம் வீட்டுக்கு ஒருமுறையேனும் விருந்துக்கழையாத துரைமார் உண்டென்பதையும், எஜமானும் வேலைக்காரனும் என்னும் நிலை சபைக்குள் நிலவுவதையும் மறைக்காமல் எடுத்துரைத்தார். பொருளும் உழைப்பும் எவ்வளவு தரினும் அவை நட்புக்கு ஈடாகா என்றும், இந்தியச் சபை இனி எதிர்பார்ப்பது நட்பையே என்றும் கூறி முடித்தார். கேட்டோரிற் சிலருக்குச் சினம் மூண்டது. சிலருக்கு வெட்கம் உண்டாயிற்று. வேறு பல பேச்சுகள் மறக்கப்பட்டுவிட்டன. இப்பேச்சு மட்டும் நூறாண்டு கடந்தும் உலகமெங்கும் நினைக்கப்படுகிறது. நம்மவர் சிலர் பொறையாற்றிற் கூடி நாடார் மகாஜன சங்கத்தைத் தொடங்கியதும் அதே 1910ஆம் ஆண்டிலேதான்.

அத்தியட்சர் பதவி

சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட் துரை தொலைநோக்குடையவர். கிராமங்களிற் கூட்டங்கூட்டமாய்ச் சபையிற் சேரும் ஏழை மக்களை, அவர் மொழியும் வாழ்வும் அறிந்த இந்தியரே மேய்க்கவேண்டும் என்று அவர் கருதினார். அசரியாவை அத்தியட்சராக்க முயன்றபோது எதிர்ப்புப் பலமாய் எழுந்தது. வெள்ளையர் ஓர் இந்தியனுக்குக் கீழ்ப்படிவதா என்று துரைமாரிற் சிலர் மறுத்தனர். ஆப்பிரிக்காவில் 1864இல் சாமுவேல் குரோதர் என்பவரை அத்தியட்சராக்கி, 1891இல் அவர் இறந்தபின் மீண்டும் ஓர் ஆங்கிலேயரையே அவ்விடத்தில் அமர்த்திய வரலாற்றைக் காட்டி, காலம் இன்னும் வரவில்லை என்றனர் சிலர். துக்கம் என்னவெனில், எதிர்ப்பிற் பாதி நம் நாட்டவரிடமிருந்தே வந்தது. தமிழ்க் கிறிஸ்தவரிலேயே, இக்குலத்தான் ஒருவன் தம்மேல் அதிகாரியாவதா என்று பிற குலத்தார் சிலர் முறையிட்டனர். ஒரே பந்தியில் ஒரே அப்பத்தைப் புசிக்கும் சபையிலும் குலப்பகைமை விடவில்லை.

இவற்றையெல்லாம் கடந்து, 1912ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29ஆம் நாள் கல்கத்தா அர்ச். பவுல் தேவாலயத்தில் அசரியா அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலத் திருச்சபையில் அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. எனினும் அவருக்கு முதலிற் கொடுத்த மண்டலம் மிகச் சிறியது. ஆங்கிலேய குருமார் அவர் அதிகாரத்தின்கீழ் வாராதவாறு பார்த்து அளந்த நிலம் அது. அவர் அதைக் குறித்துப் பூசலிடவில்லை. கொடுத்த வயலை உழுது விதைத்தார். 1920ஐ ஒட்டிப் பக்கத்துத் தெலுங்கு ஜில்லாக்கள் பலவும் தோர்ணக்கல் மண்டலத்தோடு சேர்க்கப்பட்டன. அப்போது ஆங்கிலேயக் குருமாரும் அவருக்குக் கீழ்ப்படிந்து ஊழியஞ்செய்யலாயினர். வாதத்தால் தீராத வழக்கை வேலை தீர்த்துவைத்தது.

ஊழியத்தின் முறை

தெலுங்கு நாட்டில் மாலர், மாதிகர் என்ற இரு பிரிவினர் ஊருக்கு வெளியே சேரிகளில் வாழ்ந்தனர். மாலர் வயலிற் கூலிவேலையும் நெசவும் செய்வர். மாதிகர் தோல்வேலை செய்வர். நிஜாம் ராஜ்யத்திலே கூலியின்றி வேலைவாங்கும் வெட்டி முறையும், ஒரு சிறு கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாய்ப் பண்ணையில் உழைக்கும் வழக்கமும் இருந்தன. இவர்களே பெருந்திரளாய்ச் சபையில் வந்து சேர்ந்தனர். தனியாள் தனியாளாக அன்று, குடும்பம் குடும்பமாகவும் தெருத் தெருவாகவும் வந்தனர்.

வந்தவரை என்செய்வது? ஞானஸ்நானம் கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொள்வது போதுமென்று அசரியா எண்ணவில்லை. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் உபதேசியாரை வைத்தார். பகலெல்லாம் சிறுவரும் ஆடுமாடு மேய்க்கப் போய்விடுவராதலின், இரவிலே விளக்கேற்றிப் பள்ளிக்கூடம் நடத்துவது அவ்வுபதேசியார் கடமை. வேலைமுடிந்து வந்த பெரியவர்களைக் கூட்டி ஜெபமும் பாட்டும் பாடமும் நடத்துவதும் அவர் கடமை. உபதேசிமாரிற் றேர்ந்தவரைத் தோர்ணக்கலிலுள்ள வேதசாஸ்திரப் பாடசாலைக்கு வரவழைத்துக் குருமாராக்கினார். கிராம வாழ்வினின்றும் அவர்கள் விலகிப்போகாதபடி, படிக்கும் காலத்திலும் தோட்டவேலையும் கைவேலையும் செய்யவைத்தார். அவர்களின் மனைவியரும் கூடவே வந்து கற்கவேண்டும் என்பது நியதி. அவ்வகுப்புகளை அன்பு அம்மையார் முன்னின்று நடத்தினார். மாட்டுவண்டியிலே கிராமங்கட்குக் கணவரோடு சென்று பெண்களிடையே உழைத்தார். குரு ஒருவராற் குடும்பத்தின் பாதியே திருந்தும், குருவின் மனைவியும் கற்றாலன்றி மறுபாதி திருந்தாதென்பதை இவர்கள் உணர்ந்திருந்தனர்.

1912இல் விரல்விட்டு எண்ணத்தக்க இந்தியக் குருமாரோடு தொடங்கிய அம்மண்டலத்தில், 1935ஐ ஒட்டி ஏறக்குறைய 250 இந்தியக் குருமாரும் 2,000க்கு மேற்பட்ட கிராம உபதேசிமாரும் இருந்தனர். 1941இல் சபையாரின் தொகை 2 லட்சத்தைத் தாண்டிற்று. வைத்தியசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், அச்சுக்கூடம் முதலியனவும் ஏற்பட்டன.

கல்வி பெற்றவரே மதத்தைப் பரப்பவேண்டும் என்ற எண்ணத்தை அவர் மாற்றினார். ஞானஸ்நானம் பெறுவோர் ஒவ்வொருவரும் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியைச் சொல்லாதிருப்பின் தமக்குக் கேடென்று ஒப்புக்கொள்ளும்படி செய்தார். ஆண்டுதோறும் சாட்சி வாரம் என்று ஒரு வாரத்தைக் குறித்தார். அவ்வாரத்தில் எழுத்தறியாத உழவரும் கூலிக்காரரும் தம் வேலையை விட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சென்று, தாம் அறிந்ததைத் தம் மொழியிலே சொல்வர். சில காலத்துக்குப் பின், குடியை விட்டுச் சுத்தமாய் வாழும் சேரி மக்களைக் கண்டு, ஊர்க்குள் இருந்த உழவர் குலத்தாரும் ஆயிரக்கணக்கிற் சபையிற் சேர்ந்தனர். உபதேசத்தைக் காட்டிலும் மாறிய வாழ்வே அவர்களை இழுத்தது. அழுக்கு, நோய், கடன், குடி இந்நான்கையும் பேய்களாகவே கருதி அவர் இடைவிடாது போராடினார்.

கொடுத்தலிலும் அவர் கண்டிப்பானவர். ஏழைகளிடம் காணிக்கை கேட்கலாகாதென்று இரக்கமுள்ளோர் பலர் சொன்னார்கள். வாங்கிக்கொண்டே இருப்பவன் என்றும் ஏழையாகவே இருப்பான் என்பது அவர் கொள்கை. சோறாக்கும்போது ஒருபிடி அரிசியை எடுத்துவைத்தல், அறுவடைப் பண்டிகையில் தானியமும் கோழியும் காய்கறியும் கொண்டுவந்து படைத்தல் ஆகிய வழக்கங்களை ஊர்தோறும் ஏற்படுத்தினார். இப்பொருளைக் குறித்து அவர் எழுதிய நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது.

ஆலயத்தின் உருவம்

ஒரு மதம் புதிய நாட்டில் வேரூன்றுங்கால் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்ற சங்கடம் எழும். அசரியா இரண்டிலும் விவேகத்தைக் கையாண்டார். மக்கள் கூடிக் கும்மியடித்தும் பஜனைபாடியும் மகிழும் வழக்கத்தைக் கெடுக்காமல், வேதாகமக் கதைகளையே கும்மிப்பாட்டாய்ப் பாட ஊக்கினார். விழாக்களையும் ஊர்வலங்களையும் வைத்துக்கொள்ளச் செய்தார். ஆனால் ஆராதனை முறையில், ஆங்கிலத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தைத் தெலுங்கில் வழங்கச்செய்து அதையே பெரிதும் பற்றி நின்றார். இதிலே அவர் இன்னும் துணிந்திருக்கலாம் என்று குறைகூறுவோர் உளர். எழுத்தறியாத சபைக்கு மனப்பாடமாகத்தக்க ஒரு நிலையான முறை வேண்டுமென்பது அவர் கருத்து.

அவர் எண்ணத்தை முழுதும் காட்டுவது தோர்ணக்கல் தலைமை ஆலயமே. கோபுரக் கலசங்களும் மண்டபத் தூண்களும் இந்து ஆலயங்களை நினைவூட்டும். குவிமாடங்களும் மினார்களும் மசூதிகளை நினைவூட்டும். உள்ளே நடப்பதோ கிறிஸ்தவ ஆராதனை. இங்கிலாந்துக் கோயிலின் நகல் வேண்டாம், இந்நாட்டு மக்கள் நுழையும்போது அந்நிய வீட்டில் நுழைவதாக உணரலாகாது என்ற நோக்கத்தோடு அதனைக் கட்டினார். பொருள் சிறுகச் சிறுகச் சேர்ந்தமையால் கட்டடம் முடியப் பல்லாண்டு சென்றது. 1939ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6ஆம் நாள் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது.

ஜாதியும் அரசியலும்

சேரியில் உள்ளோரிடையேயும் ஏற்றத்தாழ்வு உண்டென்பதைச் சிலரே அறிவர். மாலர் தம்மை மாதிகரினும் மேலாகக் கருதினர். ஒருவர் கையால் ஒருவர் உண்ணார். ஒரே கிணற்றில் நீர் மொள்ளார். இருவரும் ஒரே சபையில் வந்து சேர்ந்தபோது அப்பகைமையும் கூடவே வந்தது. அசரியா இதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து, ஒரே விடுதியில் உணவு, ஒரே பாடசாலை என்றார். தம் குலத்தைச் சொல்லித் தம்மை இழித்தவரிடம் தாம் பட்டதை அவர் மறந்தாரல்லர். அதற்குப் பதிலாய்த் தம் குலத்தை உயர்த்திப் பேசாமல், அக்கணக்கையே கிழித்தெறிய முற்பட்டார்.

அரசியலிலும் அவர் கொள்கை இதுவே. 1932இல் பிரிட்டிஷ் பிரதம மந்திரி வகுத்த வகுப்புவாரித் தீர்ப்பு, இந்தியக் கிறிஸ்தவருக்குத் தனித் தொகுதிகளை அளித்தது. பலர் அதை லாபமெனக் கொண்டனர். அசரியா வன்மையாய் எதிர்த்தார். மதம் வாக்குச் சீட்டுக்காக ஒரு கட்சியாகிவிட்டால் அதன் உயிர் போய்விடும் என்றும், கிறிஸ்தவர் அயலாரோடு கலந்து வாழாமல் வேலியிட்டுக்கொள்வது தேசத்துக்கும் சபைக்கும் கேடென்றும் அவர் கருதினார்.

இத்தகையவருக்குக் காந்தியடிகளோடு கருத்து வேற்றுமை நேர்ந்தது வருந்தத்தக்கது. தாழ்த்தப்பட்டோர் கூட்டங்கூட்டமாய் மதம் மாறுவதைக் காந்தியடிகள் ஒப்பவில்லை. அறியாத ஏழைகளை ஆசைகாட்டி இழுக்கின்றனர் என்று 1936, 1937ஆம் ஆண்டுகளில் தம் பத்திரிகையிற் கண்டித்தெழுதினார். ஏழைக்கும் ஆன்மா உண்டு, தனக்கு எது நன்மையென்று தேரும் அறிவும் உண்டு, அவனை ஒன்றுமறியாதவனாய் நினைப்பதும் ஒருவகை அவமதிப்பே என்பது அசரியாவின் நிலை. இருவரும் தீண்டாமையைப் பகைத்தவர்கள். இருவரும் குடியை ஒழிக்கப் பாடுபட்டவர்கள். இருவரும் கிராமத்தையே நாட்டின் உயிராகக் கொண்டவர்கள். ஆயினும் இவ்வொரு காரியத்தில் உடன்படவில்லை. நம் சங்கத்திலே இரு மதத்தாரும் இருத்தலின், இவ்விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக்கூற நாம் முன்வரவில்லை. இரண்டு சான்றோர் பகையின்றி மாறுபடக்கூடும் என்பதைமட்டும் குறிப்போம்.

சபைகளின் ஐக்கியம்

மேனாட்டுச் சரித்திரத்தில் எப்போதோ நேர்ந்த பூசல்களாற் பிரிந்த சபைகள், அப்பிரிவினைகளை இந்தியாவுக்கும் கொண்டுவந்தன. ஒரே ஊரில் ஆங்கிலச் சபை ஒன்று, மெதடிஸ்து சபை ஒன்று, வேறொன்று என நின்றால் புதிதாய் வருவோர் திகைப்பர். மேனாட்டுக்கு அது ஒரு பலவீனமாயிருக்கலாம், இந்தியாவிலோ அது பாவமே என்பது அசரியாவின் துணிபு. 1919ஆம் ஆண்டு மே மாத முதலிரு நாட்களில் தரங்கம்பாடியில் முப்பத்துமூவர் கூடினர். அவருள் மிகப்பெரும்பாலார் இந்தியர். 1706இல் சீகன்பால்க் ஐயர் கரையிறங்கிய அதே ஊரில், ஆங்கிலத் திருச்சபையும் தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாதற்கான வேண்டுகோளை வெளியிட்டனர். பின்னர் மெதடிஸ்து சபையாரும் இம்முயற்சியிற் கலந்தனர்.

அன்றுதொட்டு அவர் அம்முயற்சியின் தலைவராய் இருந்தார். 1927இல் சுவிட்ஸர்லாந்து தேசத்து லோசான் நகரில் நடந்த மகாநாட்டிலும், 1938இல் தாம்பரத்திற் கூடிய உலக மிஷனெரி மகாநாட்டிலும் அவர் குரல் இதற்காகவே ஒலித்தது. பேச்சுவார்த்தை ஓராண்டு ஈராண்டன்று, இருபத்தெட்டாண்டு நடந்தது. 1945ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் நாள் தோர்ணக்கலில் அசரியா காலமானார். அவர் உடல் அங்கேயே அடக்கஞ்செய்யப்பட்டது. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை நிறுவப்பட்டபோது அதனைக் காண அவர் இல்லை. நட்டவர் ஒருவர், கனியுண்டவர் பிறர் என்பது பனை நட்டு வாழும் நமக்குப் புதிய செய்தியன்று.

நாம் கொள்ளத்தக்கது

இனி, தொடக்கத்திற் கூறிய கேள்விக்கு வருவோம். ஜாதியை வெறுத்த ஒருவரை ஜாதிச் சங்கத்தார் போற்றலாமா? நமது சங்கங்கள் தோன்றிய காரணத்தை மறவாதிருப்போமாயின் இதற்கு விடை எளிது. நம்மைக் கோயில் வாயிலிலும் பொதுவீதியிலும் தடுத்தார்கள், ஆகவே கூடினோம். ஒருவர்க்கொருவர் கைகொடுத்துக் கல்வியிலும் வாணிகத்திலும் முன்னேறினோம். அது நியாயமே. ஆனால் நமக்கு மூடியிருந்த கதவு திறந்தபின், உள்ளே நுழைந்த நாம் நமக்குப் பின்னால் வருவோருக்கு அதை மூடிவிடுவோமாயின், நம் முன்னோர் பட்ட துன்பமெல்லாம் வீணாகும். அசரியா தம் குலத்தை மறுத்தார் என்று சொல்வது பொருந்தாது. தம் குலம் பட்ட துன்பத்தைப் பிறர் துன்பத்தை அறியும் கண்ணாக ஆக்கிக்கொண்டார் என்பதே பொருந்தும்.

தலைவராய் இருப்போர்க்கும் இவர் வாழ்க்கையிற் பாடம் உண்டு. பிறரை அனுப்பும்முன் தாம் சென்றார். தமக்குச் சிறிய இடம் கொடுத்தபோது முறையிடாமல் உழைத்தார். வலியவர் முன்னே உண்மையைப் பணிவோடும் அச்சமின்றியும் சொன்னார். எளியவரிடமும் கொடுக்கும் ஆற்றல் உண்டென்று நம்பினார். கைம்மாறு காணாத வேலைக்கு இருபத்தைந்தாண்டுக்கு மேற் செலவிட்டார்.

நம் குடும்பங்களில் இன்று பிள்ளைகள் நன்கு படிக்கின்றனர். தூரதேசங்களில் உத்தியோகம் பார்க்கின்றனர். சங்கத்தின் கல்வி நிதியாற் படித்துப் பட்டம் பெற்றவரும் உளர். அவர்கள் மாதந்தோறும் நம் குலப்பிள்ளைகளுக்காக ஒரு தொகை ஒதுக்கும்போது, நம் குலமல்லாத ஓர் ஏழைப் பிள்ளையின் புத்தகத்துக்கும் அதிற் சிறுபங்கு ஒதுக்குவார்களாயின், வெள்ளாளன்விளையிற் பிறந்து தோர்ணக்கலில் அடங்கிய அப்பெரியாரின் வழியிற் சிறிதேனும் நடந்தவர்களாவோம். சங்க அங்கத்தினர் இதனைத் தத்தம் ஊர்க் கூட்டங்களில் ஆலோசிப்பார்களாக.